கூட்டத்தைப் பாட வைத்தவர்



நாட்டுப்புறப் பாட்டையும் சமூக அக்கறையையும் ஒன்றாகக் கொண்டு வாழ்ந்த பாடகர் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்றதும், அமெரிக்காவின் பீட் சீகரை எடுத்துக்கொண்டேன். 1919 மே 3-இல் நியூயார்க்கில் பிறந்து, 2014 ஜனவரி 27-இல் அதே நகரத்தில் தம் 94-ஆவது வயதில் மறைந்தவர். எழுபது ஆண்டுகளுக்கு மேல் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியமும் கையுமாக மக்கள் முன்னால் நின்றவர்.

ஏன் சீகர்? அவரைவிட நன்றாகப் பாடியவர்கள் அவர் காலத்தில் இருந்தார்கள். பால் ராப்சனின் குரலுக்கு முன்னால் சீகரின் குரல் நிற்காது. பாட்டு எழுதுவதில் அவருடைய தோழர் உட்டி கத்ரி இன்னும் பெரிய கை. அவருக்குப் பின் வந்த பாப் டிலனுக்கு 2016-இல் நோபல் பரிசே கிடைத்தது. சீகருக்கு மெல்லிய குரல். வயதான பிறகு அதுவும் உடைந்துவிட்டது. அப்போதும் அவர் கச்சேரிக்கு மண்டபம் நிறைந்தது. வந்தவர்கள் அவர் பாடிக் கேட்க வரவில்லை, அவரோடு சேர்ந்து பாட வந்தார்கள். ஒரு மக்கள் பாடகரை எதை வைத்து அளப்பது? அவர் ஊரைவிட்டுப் போன பிறகு அந்த ஊரில் எத்தனை பேர் வாயில் பாட்டு மிச்சமிருந்தது என்பதை வைத்து அளக்கலாம் என்பது என் எண்ணம். அந்த அளவுகோலோடு சீகரின் வாழ்க்கையைப் பார்க்கப்போகிறேன். அவர் தேறும் இடங்களையும் சொல்கிறேன், தேறாத இடங்களையும் சொல்கிறேன்.

அவர் ஏழை வீட்டுப் பிள்ளை இல்லை. தந்தை சார்லஸ் சீகர் புகழ்பெற்ற இசை ஆய்வாளர். முதல் உலகப் போரை எதிர்த்துப் பேசியதால் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியை இழந்தவர். தாய் வயலின் கலைஞர். சிற்றன்னை ரூத் கிராஃபோர்டு நவீன இசையமைப்பாளர். வீடு முழுக்க மேற்கத்தியச் செவ்வியல் இசை. 1936-இல் வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் நடந்த நாட்டுப்புற இசை விழாவுக்குத் தந்தை மகனை அழைத்துப்போனார். அங்கேதான் மலைநாட்டுக்காரர்கள் ஐந்து தந்தி பாஞ்சோ வாசிப்பதைப் பதினேழு வயதுப் பையன் கேட்டான். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் நினைவில் பிறந்து, பிறகு வெள்ளைக்கார ஏழை உழவர்களின் திண்ணைக்கு வந்து சேர்ந்த வாத்தியம் அது. ஹார்வர்டில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு 1938-இல் படிப்பை விட்டார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டிவந்த ஆலன் லோமாக்ஸிடம் உதவியாளராகச் சேர்ந்தார். பெட்டி பெட்டியாகக் குவிந்திருந்த இசைத்தட்டுகளைக் கேட்டு, பிரித்து, அடுக்குவது வேலை. பருத்திக் காட்டிலும் சுரங்கத்திலும் சிறையிலும் பாடியவர்களின் குரல்கள் அவை. பாட்டுக்குத் தனியாக ஓர் ஆசிரியர் இல்லாமலே அது நூறு ஆண்டு வாழும் என்ற பாடத்தை அவர் அங்கே கற்றார்.

1940 மார்ச்சில், கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போன உழவர்களுக்காக நியூயார்க்கில் ஒரு நிதி நிகழ்ச்சி நடந்தது. அங்கே உட்டி கத்ரியைச் சந்தித்தார். ஒக்லஹோமாக்காரரான கத்ரி, சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு நாடெல்லாம் சுற்றியவர். அவரோடு சேர்ந்து சீகரும் ஊர் ஊராகப் போனார். 1941-இல் இருவரும், லீ ஹேஸ், மில்லர்டு லாம்பெல் என்ற நண்பர்களும் சேர்ந்து ‘அல்மனாக் சிங்கர்ஸ்’ என்ற குழுவாகத் தொழிற்சங்கக் கூட்டங்களில் பாடினார்கள்.

முதல் சறுக்கல் இங்கேதான். அந்த ஆண்டு அவர்கள் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பு, அமெரிக்கா போருக்குப் போகக் கூடாது என்று அதிபர் ரூஸ்வெல்ட்டைச் சாடியது. ஹிட்லரும் ஸ்டாலினும் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்த காலம் அது. போர் வேண்டாம் என்பதே அப்போது கம்யூனிஸ்டுகளின் நிலைப்பாடு. ஜூன் 22-இல் ஜெர்மனி சோவியத் நாட்டின்மேல் பாய்ந்தது. இசைத்தட்டு கடையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டே அதே குழு ஹிட்லரை எதிர்த்துப் போருக்கு ஆதரவாகப் பாடியது. சீகர் 1942-இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார், 1950 வாக்கில் விலகினார். ஸ்டாலினின் கொடுமைகளை நெடுநாள் காணாமல் இருந்ததற்காகப் பிற்காலத்தில் வெளிப்படையாக வருந்தினார். 2007-இல், தம் 88-ஆவது வயதில், ஸ்டாலினைக் கண்டித்து ஒரு பாட்டே எழுதினார். என் அளவுகோலுக்கு இது முக்கியமான இடம். அந்த 1941 பாட்டுகளை இன்று யாரும் பாடுவதில்லை. மேலிடத்து முடிவுக்கு ஏற்ப எழுதிய பாட்டு, முடிவு மாறிய அன்றே செத்துப்போகிறது. இந்தப் பாடம் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதா என்பதை அவையோரே முடிவுசெய்துகொள்ளலாம்.

போர்க்காலத்தில் பசிபிக் தீவுகளில் ராணுவ வீரர்களுக்குப் பாட்டு நிகழ்ச்சி நடத்தினார். அதற்கு முன், ராணுவ விடுப்பில் வந்தபோது, 1943 ஜூலையில், தோஷி ஓட்டாவை மணந்தார். ஜப்பானியத் தந்தைக்கும் அமெரிக்கத் தாய்க்கும் பிறந்தவர் தோஷி. ஜப்பான் எதிரி நாடாக இருந்த ஆண்டு அது என்பதை நினைத்துப் பாருங்கள். பயண ஏற்பாடு, கணக்கு, கச்சேரி, விழா, குழந்தைகள் என்று சீகரின் வாழ்க்கையில் பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுபது ஆண்டு சுமந்தவர் அவர். ஹட்சன் ஆற்றங்கரையில் பீக்கன் என்ற ஊரில் 1949-இல் நிலம் வாங்கி, மரக்கட்டைகளை அடுக்கி, தங்கள் கையாலேயே வீடு கட்டினார்கள். தொடக்கத்தில் மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் பீக்ஸ்கில் அருகே பால் ராப்சன் கச்சேரி. சீகரும் பாடினார். ராப்சன் கறுப்பர், இடதுசாரி. இரண்டையும் பொறுக்காத கும்பல், கச்சேரி முடிந்து திரும்பியவர்களின் வண்டிகள்மேல் கல்லெறிந்தது. போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது. சீகரின் வண்டியில் மனைவியும் குழந்தைகளும் இருந்தார்கள், கண்ணாடிகள் நொறுங்கின. வண்டிக்குள் விழுந்த கற்களில் சிலவற்றைத் தம் புதுவீட்டுக் கணப்படுப்பின் புகைபோக்கியில் வைத்துக் கட்டினார் சீகர்.

அடுத்த ஆண்டு அதே மனிதர் நாட்டின் முதல் வரிசைப் பாடகர். சீகர், லீ ஹேஸ், ரோனி கில்பர்ட், ஃப்ரெட் ஹெல்லர்மன் ஆகிய நால்வரின் குழுவுக்கு ‘வீவர்ஸ்’ என்று பெயர். நெசவாளர் என்று பொருள். சிறையிலிருந்து வந்த கறுப்பினப் பாடகர் லெட்பெல்லியின் ‘குட்நைட் ஐரீன்’ பாட்டை 1950-இல் அவர்கள் பாட, அது 13 வாரம் நாட்டில் முதலிடத்தில் இருந்தது. அந்தப் பணத்தையும் புகழையும் காண லெட்பெல்லி இல்லை. முந்தைய டிசம்பரில்தான் காலமாகியிருந்தார்.

பிறகு கறுப்புப் பட்டியல் வந்தது. கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களுக்கு வானொலியும் தொலைக்காட்சியும் மேடையும் மூடிக்கொண்ட, செனட்டர் மெக்கார்த்தியின் காலம். 1952-இல் ஹார்வி மடுசோ என்ற உளவாளி, வீவர்ஸ் குழுவினர் கட்சிக்காரர்கள் என்று சாட்சி சொன்னார். தாம் சொன்னவை பொய் என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். அதற்குள் விடுதிகள் கச்சேரியை ரத்துசெய்தன, இசைத்தட்டு நிறுவனம் கைகழுவியது, குழு கலைந்தது.

1955 ஆகஸ்ட் 18-இல் பிரதிநிதிகள் சபையின் அமெரிக்க விரோத நடவடிக்கைக் குழு முன் சீகர் நின்றார். அப்படி அழைக்கப்பட்டவர்களுக்கு இரண்டு வழிதான் வழக்கம். தோழர்களின் பெயர்களைக் காட்டிக்கொடுக்கலாம். அல்லது அரசமைப்பின் ஐந்தாவது திருத்தத்தைக் காட்டி, தனக்கே எதிராகச் சாட்சி சொல்ல முடியாது என்று வாய்மூடிக்கொள்ளலாம். இரண்டாவது வழி சிறையிலிருந்து காப்பாற்றும். குற்றவாளி என்ற கறை ஒட்டிக்கொள்ளும். சீகர் இரண்டையும் எடுக்கவில்லை. பேச்சுரிமை தரும் முதல் திருத்தத்தின் மேல் நின்றார். என் நம்பிக்கை, என் வாக்கு, என் நட்பு பற்றிச் சொல்லப்போவதில்லை, எந்த அமெரிக்கரிடமும் இப்படிக் கேட்பது முறையல்ல என்ற பொருளில் பதில் சொன்னார். எல்லா அரசியல் கருத்துள்ளவர்களுக்கும் பாடியிருக்கிறேன், என் பாட்டுகளைப் பற்றிக் கேளுங்கள் சொல்கிறேன், வேண்டுமானால் பாடியும் காட்டுகிறேன், யார் முன்னால் பாடினேன் என்பதைச் சொல்ல மாட்டேன் என்றார். கவனியுங்கள், பாட்டைத் தரத் தயார். பாட்டைக் கேட்டவர்களைத் தரத் தயாரில்லை.

1957-இல் காங்கிரஸ் அவமதிப்புக்காகப் பத்துக் குற்றச்சாட்டுகள். வழக்கு நடக்கும்வரை நியூயார்க் பகுதியைவிட்டு வெளியே போவதென்றால் அரசு வழக்கறிஞருக்குத் தெரிவித்துவிட்டுத்தான் போக வேண்டும். 1961-இல் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் ஓராண்டு, எல்லாவற்றையும் ஒருசேர அனுபவிக்கலாம் என்று தண்டனை. 1962 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம், குற்றப்பத்திரிகையே பிழையானது என்று வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஏழு ஆண்டு இழுபறி அப்படி முடிந்தது.

அந்த ஏழு ஆண்டும் அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்குச் சுவையான பகுதி. பெரிய மேடை மூடியதும் சின்ன இடங்களுக்குப் போனார். கல்லூரிகள், பள்ளிகள், குழந்தைகளின் கோடை முகாம்கள், தேவாலயக் கூடங்கள். எதிர்ப்பாளர்கள் மறியலுக்குத் திரள்வதற்குள் ஓர் ஊரில் பாடி முடித்து அடுத்த ஊருக்குப் போய்விடுவார். ஃபோக்வேஸ் என்ற சிறு நிறுவனத்துக்காக இசைத்தட்டு மேல் இசைத்தட்டாகப் பதிவுசெய்தார், பல குழந்தைகளுக்கானவை. 1948-இல் அவர் உருட்டச்சில் அச்சிட்ட ‘ஐந்து தந்தி பாஞ்சோ வாசிப்பது எப்படி’ என்ற கையேடு கைக்குக் கை போனது. அதைப் பார்த்துப் பாஞ்சோ கற்றவர்களில் ஒருவர், பின்னாளில் ‘கிங்ஸ்டன் ட்ரியோ’ குழுவைத் தொடங்கிய டேவ் கார்டு. சிறுமியாகச் சீகரின் கச்சேரியைக் கேட்டுவிட்டுப் பாட வந்தவர் ஜோன் பயஸ். 1960-களில் அமெரிக்க இளைஞர்கள் கிடாரும் கையுமாகப் போராட்டக் களத்துக்கு வந்தார்களே, அந்தத் தலைமுறை இந்தச் சின்னக் கூட்டங்களில்தான் உருவானது. தொலைக்காட்சியில் விட்டிருந்தால் அவர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்திருப்பார். தடைசெய்தவர்கள் அவரைப் பிள்ளைகளுக்கு நடுவில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள்.

அவர் கூட்டத்தைப் பாட வைத்த முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊர் நடவு வயலில் முன்னே ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பின்னே வாங்கிப் பாடுவார்களே, அதேதான். சீகர் ஓர் அடியைப் பாடி முடிக்கும் மூச்சிலேயே அடுத்த அடியைத் தாளம் தவறாமல் பேச்சாகச் சொல்லிவிடுவார். பாட்டு தெரியாது என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. கனத்த குரல்காரர்களுக்கு ஓர் இழை, மெல்லிய குரல்காரர்களுக்கு ஓர் இழை என்று பிரித்துக் கொடுப்பார். கூட்டம் பிடித்துக்கொண்டதும் தம் குரலைத் தாழ்த்திக்கொள்வார். தலையை அண்ணாந்து, பாஞ்சோவை மட்டும் வாசித்துக்கொண்டு நிற்பார். வந்த ஆயிரம் பேருக்கும், நம்மால் சேர்ந்திசைக்க முடியும் என்ற அனுபவம் வீட்டுக்குப் போகும்போது கூடவே போகும். அரசியலின் தொடக்கம் அங்கேதான் இருக்கிறது.

இதற்குப் பெரிய சான்று ‘வீ ஷல் ஓவர்கம்’. நம் பள்ளிப் பிள்ளைகளும் கிரிஜா குமார் மாத்தூரின் இந்தி வடிவில் பாடும் பாட்டு. இதை எழுதியவர் யார் என்றால் ஒரு பெயர் சொல்ல முடியாது. 1901-இல் சார்லஸ் டிண்ட்லி என்ற கறுப்பினப் போதகர் வெளியிட்ட துதிப்பாட்டு ஒன்று இதன் வேர்களில் ஒன்று. 1945-46-இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் புகையிலை ஆலைப் பெண் தொழிலாளர்கள் மறியல் நின்றபோது, தனி ஒருவரின் நம்பிக்கையாக இருந்ததை எல்லோரின் நம்பிக்கையாக மாற்றிப் பாடினார்கள். டென்னசியில் தொழிற்சங்கத்தாருக்குப் பயிற்சி தந்த ஹைலாண்டர் பள்ளியின் ஜில்ஃபியா ஹார்ட்டன் அவர்களிடம் கற்றார்; 1947-இல் சீகருக்குக் கற்றுக்கொடுத்தார். சீகர் சில அடிகளைச் சேர்த்து ஊர் ஊராகப் பாடினார். 1957-இல் ஹைலாண்டரில் சீகர் பாடக் கேட்டவர்களில் ஒருவர் மார்ட்டின் லூதர் கிங். 1960-இல் கை கராவன் என்ற இளைஞர் அதைக் கறுப்பின மாணவர் அமைப்பின் தொடக்கக் கூட்டத்தில் சொல்லிக்கொடுத்தார். அதன் பிறகு சிறைகளிலும் ஊர்வலங்களிலும் அதைப் பாட யாரும் சீகருக்காகக் காத்திருக்கவில்லை. 1965-இல் அதிபர் ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்துக்காகப் பேசியபோது அந்தப் பாட்டின் முதல் சொற்களைக் காங்கிரஸ் அவையிலேயே சொன்னார். வணிகர்கள் கைப்பற்றிவிடாமல் இருக்க ஹார்ட்டன், கராவன், சீகர், இன்னொரு பாடகரான ஹாமில்டன் ஆகியோர் பெயர்களில் பதிப்புரிமை பதியப்பட்டது; வந்த ராயல்டி முழுவதும் ஹைலாண்டர் வழியாகக் கறுப்பின மக்களின் பணிகளுக்குப் போனது.

எல்லாப் பாட்டுக்கும் இந்த நீதி கிடைக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் ஜூலு பாடகர் சாலமன் லிண்டா 1939-இல் ஜோஹன்னஸ்பர்க்கில் ‘ம்புபே’ என்ற பாட்டைப் பதிவுசெய்தார். அதன் உரிமையைப் பத்து ஷில்லிங்குக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த இசைத்தட்டு லோமாக்ஸ் வழியாகச் சீகரிடம் வந்தது. சொல் சரியாகக் காதில் விழாமல் ‘விமோவே’ என்று எழுதிக்கொண்டார். வீவர்ஸ் பாடிப் புகழ்பெற்ற அந்தப் பாட்டு, 1961-இல் ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுனைட்’ என்று மாறி உலகமெல்லாம் ஓடியது. லிண்டா 1962-இல் வறுமையில் இறந்தார். முன்னதாகச் சீகர் தம் பங்குக்கு லிண்டாவுக்கு ஆயிரம் டாலர் அனுப்பியிருந்தார், அவருக்கு உரியதை அனுப்பும்படி பதிப்பாளரிடமும் சொன்னார். சொன்னதோடு விட்டுவிட்டார், பணம் போய்ச் சேர்ந்ததா என்று பல ஆண்டு பார்க்கவில்லை. லிண்டாவின் மகள்களுக்கு 2006-இல்தான் ஓர் ஒப்பந்தம் கிடைத்தது. பாட்டு எல்லோருக்கும் சொந்தம் என்று நினைப்பது உயர்ந்த எண்ணம்தான். ஆனால் எல்லோருக்கும் சொந்தம் என்று விட்ட பொருளை முதலில் அள்ளிக்கொள்பவன் வக்கீல் வைத்திருப்பவன். மக்கள் கலையைத் திரட்டும் நம் ஆய்வாளர்களும் பதிவாளர்களும் இந்தக் கதையை மறக்கக் கூடாது.

சீகர் தாமே எழுதியவையும் பெரும்பாலும் பிறர் தந்த நூலில் நெய்தவை. ‘வேர் ஹேவ் ஆல் த ஃப்ளவர்ஸ் கான்’ பாட்டுக்கு விதை, ஷோலகோவின் டான் நதி நாவலில் வரும் ஒரு கொசாக் நாட்டுப்பாட்டு. 1955-இல் மூன்று கண்ணிகளோடு நிறுத்தியிருந்தார். ஜோ ஹிக்கர்சன் என்ற மாணவர் மேலும் கண்ணிகள் சேர்த்துப் பாட்டை வட்டமாக முடித்தார். ராயல்டியில் அவருக்கும் பங்கு கொடுத்தார் சீகர். ‘டர்ன் டர்ன் டர்ன்’ பைபிளின் பிரசங்கி நூலிலிருந்து வந்தது. 1965-இல் பேர்ட்ஸ் குழு பாடி முதலிடம் பெற்றது.

வியட்நாம் போரின்போது 17 ஆண்டுத் தடைக்குப் பிறகு முதன்முறையாகப் பெரிய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைத்தார்கள். 1967 செப்டம்பர், ‘ஸ்மதர்ஸ் பிரதர்ஸ்’ நிகழ்ச்சி. ராணுவப் பயிற்சியின்போது ஆற்றின் ஆழம் தெரியாமல் படையைத் தொடர்ந்து உள்ளே இறங்கச் சொல்லும் ஒரு தளபதியின் கதையைப் பாடினார். போரின் பெயரும் இல்லை, அதிபரின் பெயரும் இல்லை, எல்லோருக்கும் புரிந்தது. சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனம் அதை வெட்டிவிட்டது. வெட்டியது செய்தியாகி, கூச்சல் கிளம்பி, 1968 பிப்ரவரியில் அதே நிகழ்ச்சியில் மறுபடி பாட விட்டார்கள்.

கடைசியாக ஆறு. வீட்டு வாசலில் ஓடிய ஹட்சன் அப்போது சாக்கடை. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் இரண்டு ஆலைகள் 1977 வரை முப்பது ஆண்டுகளில் 13 லட்சம் பவுண்டு வரை பி.சி.பி. என்ற நச்சு வேதிப்பொருளை அதில் கலந்திருந்தன. ஊர்களின் கழிவும் அதே ஆற்றில். பழைய காலத்தில் அங்கே ஓடிய ‘ஸ்லூப்’ பாய்மரக் கப்பலைப் போல ஒன்றைக் கட்டி ஆற்றில் விட்டால் மக்கள் கரைக்கு வருவார்கள், வந்தால் ஆற்றைப் பார்ப்பார்கள் என்று சீகர் கணக்குப் போட்டார். கரையோர ஊர்களில் பாடிப் பாடி நிதி திரட்டி, 106 அடி நீளமுள்ள ‘கிளியர்வாட்டர்’ கப்பலை 1969-இல் வெள்ளோட்டம் விட்டார்கள். நாடு தீப்பற்றி எரியும்போது கிழவருக்குக் கப்பல் விளையாட்டா என்று இடதுசாரிகளே கேலி செய்தார்கள். கம்யூனிஸ்டின் கப்பல் என்று ஊர்க்காரர்கள் ஒதுங்கினார்கள். கப்பலோ பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய், வலை வீசி, மீனையும் சேற்றையும் கையில் கொடுத்துப் பாடம் நடத்தியது. இன்றும் நடத்துகிறது. 1972-இல் தூய நீர்ச் சட்டம் வந்தது. 2009 முதல் 2015 வரை ஜெனரல் எலக்ட்ரிக்கே செலவு செய்து நச்சு வண்டலைத் தூர்வார வேண்டியதாயிற்று.

பாட்டு ஆற்றைச் சுத்தம் செய்ததா என்று கேட்பீர்கள். செய்யவில்லை. சட்டமும் வழக்கும் விஞ்ஞானிகளின் அளவீடும் செய்தன. ஆனால் சட்டம் கேட்டு நிற்க ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களைக் கரைக்குக் கூட்டிவந்தது பாட்டு. பாட்டின் வேலை எது, எது அதன் வேலை இல்லை என்பதில் சீகருக்கு மயக்கம் இருந்ததில்லை.

2009 ஜனவரியில், ஒபாமா பதவியேற்புக்கு முன், லிங்கன் நினைவகத்தில் கத்ரியின் ‘திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்’ பாட்டைப் பாடினார். பள்ளிப் புத்தகங்கள் வழக்கமாக விட்டுவிடும், தனிச்சொத்தையும் பசியையும் பேசும் கண்ணிகளையும் விடாமல் பாடினார். பக்கத்தில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். எதிரே லட்சக்கணக்கான மக்கள். அப்போதும் அடுத்த அடியை முன்கூட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தார். 2011-இல் வால் ஸ்ட்ரீட் போராட்டத்தின்போது இரண்டு ஊன்றுகோலோடு நியூயார்க் தெருவில் நடந்தார், வயது 92. பீக்கன் பள்ளியில் இவர் பாடக் கூடாது என்று 1965-இல் மனுப் போட்ட அதே ஊர், அவர் மறைந்த ஆண்டில் ஆற்றங்கரைப் பூங்காவுக்குப் பீட், தோஷி சீகர் இருவர் பெயரையும் வைத்தது.

நண்பர்களே, நம்மிடமும் மக்கள் பாடகர்கள் இருக்கிறார்கள். கலை இரவுகளில் அவர்களை மேடையேற்றுகிறோம், பறை முழங்கக் கைதட்டுகிறோம், கைப்பேசியில் படம் பிடிக்கிறோம், வீட்டுக்குப் போகிறோம். அடுத்த நாள் அந்தப் பாட்டில் இரண்டு அடிகூட நம் வாயில் வருவதில்லை. தவறு பாடகர்களிடம் மட்டும் இல்லை. மேடையை உயரமாகக் கட்டி, ஒலிபெருக்கியை இரைச்சலாக வைத்து, பாட்டைப் பார்க்கிற பொருளாக்கியது நாம்தான். எனவே நிகழ்ச்சி நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பாடகரை அழைக்கும்போது, பத்துப் பாட்டுப் பாடச் சொல்லாதீர்கள். எட்டுப் பாட்டுப் பாடட்டும். மிச்ச நேரத்தில் ஒரே ஒரு பாட்டை, ஒலிபெருக்கியைக் குறைத்துவிட்டு, அடி அடியாகக் கூட்டத்துக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். எழுதியவர் பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கட்டும். கூட்டம் கற்றுக்கொண்டதா என்று பாடகர் பாடுவதை நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.